வலையை அறுத்தால் பணம்! ராட்சத சுறாவை காப்பாற்றிய 25 ஆயிரம் ரூபாய்

2025-ம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னை கடற்கரையில் காலையில் காற்று வாங்கப் போனவர்கள் மூக்கைப் பொத்திக் கொண்டு திரும்பினார்கள்.

மணல் பூராவும் ஆமைப் பிணங்கள்!

ஒன்று, இரண்டு அல்ல. திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு கடலோரம் நெடுக அந்த சீசனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. எல்லாம் பங்குனி ஆமைகள். முட்டையிட கரையை நோக்கி வந்தவை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. பிரேத பரிசோதனை செய்த டாக்டர்கள் மூச்சுத் திணறல் என்றார்கள்.

கடலில் வாழும் ஆமை தண்ணீரில் மூச்சு முட்டி சாகுமா? சாகும். ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். விசைப்படகின் இழுவலைக்குள் மாட்டி மணிக்கணக்கில் இழுபட்டால் கதை முடிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. பங்குனி ஆமைக்கு வன உயிரினச் சட்டத்தில் புலி, யானைக்கு உள்ள அதே அந்தஸ்து. கொன்றால் 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில். கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோ மீட்டருக்குள், விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது. ஆமைகள் செத்த சேதி வந்ததும் பசுமை தீர்ப்பாயம் தானாகவே வழக்கை கையில் எடுத்தது. அதிகாரிகள் ரோந்து போனார்கள்.

சரி. நடுக்கடலில், ராத்திரி 2 மணிக்கு, வலையில் மாட்டிய ஆமையை எந்த போலீஸ் பார்க்கப் போகிறது? அந்த நேரத்தில் அதன் உயிர் படகில் நிற்கும் மீனவர் கையில்தான். வலையை அறுத்தால் அது பிழைக்கும். அறுத்த வலைக்கு யார் பதில் சொல்வது? வட்டிக்கு வாங்கிப் போட்ட வலை அது. மறுநாள் அடுப்பு எரிய வேண்டாமா?

இதே சிக்கலுக்கு குஜராத்தில் ஒரு வழி கண்டார்கள். அங்கே மாட்டியது ஆமை அல்ல. பஸ் நீளத்துக்கு இருக்கும் சுறா!

பீப்பாய் வேட்டை

திமிங்கலச் சுறா. உலகத்திலேயே பெரிய மீன் இதுதான். 12 மீட்டருக்கு மேலும் வளரும். பார்த்தால் குலை நடுங்கும். ஆனால் பரம சாது. வாயைப் பிளந்து கொண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும் குஞ்சு மீன்களையும் வடிகட்டித் தின்னும். மனிதனைத் தொடாது.

சவுராஷ்டிரா கரைக்கு இவை வருஷா வருஷம் வரும். வெராவல், மாங்ரோல், சூத்ரபாடா, தாம்லேஜ் பக்கம் இதைப் பெரிய கொக்கி போட்டுப் பிடித்தார்கள். கொக்கிக் கயிற்றில் காலி பீப்பாய்களைக் கட்டி விடுவார்கள். சுறா ஆழத்துக்குப் போக முடியாமல் பீப்பாயோடு மல்லுக்கட்டி ஓய்ந்து போகும். பிறகு கரைக்கு இழுத்து வந்து வெட்டுவார்கள். அதனால் மீனுக்கே 'பேரல்' என்று பெயர்! ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச, இறைச்சி வெளிநாட்டுக்கு.

இந்த ரத்தக் காட்சிகளை மைக் பாண்டே என்ற படக்காரர் 2000-ம் ஆண்டு வாக்கில் டாக்குமெண்டரி படமாக எடுத்துக் காட்டினார். நாடே திடுக்கிட்டது. 2001-ம் ஆண்டு மே மாதம் திமிங்கலச் சுறாவைப் பிடிக்க மத்திய அரசு தடை போட்டது. இந்தியாவில் மீன் ஒன்றுக்கு இப்படிப் பாதுகாப்பு கிடைத்தது அதுவே முதல் தடவை.

தடை வந்த சேதி பல குப்பங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை!

பிரசவத்துக்கு வந்த பெண்

2004-ல் இந்திய வன உயிரின அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாட்டா கெமிக்கல்ஸ் கம்பெனி ஆகியோர் கை கோர்த்து பிரசாரத்தில் இறங்கினார்கள். நோட்டீஸ் ஒட்டியதோடு நிற்கவில்லை. ராமாயண கதாகாலட்சேபத்தில் புகழ் பெற்ற மொராரி பாபுவைப் பிடித்தார்கள்.

"வலையில் மாட்டுவது மீன் அல்ல, பிரசவத்துக்காக தாய் வீடு தேடி வந்த உங்கள் மகள்" என்ற ரீதியில் அவர் பேசினார். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வரும் வழக்கம் நம் ஊர் மாதிரியே அங்கும் உண்டு. பேச்சு நெஞ்சில் தைத்தது. நிஜ அளவில் காற்றடைத்த சுறா பொம்மையை ஊர் ஊராகக் கொண்டு போய் தெருக்கூத்து போட்டார்கள். 'பேரல்' என்ற பெயர் போய் 'வாலி' என்று ஆனது. குஜராத்தியில் 'செல்லம்' என்று அர்த்தம்.

மனசு மாறியது. ஆனால் வலை? பேச்சைக் கேட்டு எத்தனை நாளைக்கு ஒருவன் தன் வலையை தானே அறுப்பான்?

இங்கேதான் பணம் வந்தது. சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் 25 ஆயிரம் ரூபாய் வரை நிவாரணம் என்று 2006 வாக்கில் குஜராத் அரசு ஏற்பாடு செய்தது.

அதிலும் ஒரு கோளாறு. வலையை அறுத்ததை அதிகாரி நேரில் பார்த்தால்தான் பணம். தகவல் கொடுத்து, அதிகாரி கரையில் இருந்து படகு பிடித்து வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அதுவரை சுறா வலைக்குள் திணறிக் கொண்டு கிடக்க வேண்டியதுதான். மீனவருக்கும் அன்றைய தொழில் போச்சு. சர்க்கார் காரியம் என்றால் சும்மாவா!

2012 வாக்கில் இதற்கும் முடிவு கட்டினார்கள். மீனவர் கையிலேயே தண்ணீர் புகாத கேமராவைக் கொடுத்து விட்டார்கள். சுறா மாட்டியதா? படம் எடு. வலையை அறு. அதை அனுப்பி விடு. கரைக்கு வந்து படத்தைக் காட்டு. பணத்தை வாங்கு.

கொக்கி போட்ட கைகள் இதுவரை 900-க்கும் மேற்பட்ட சுறாக்களை விடுவித்திருக்கின்றன. ரூபாய் மட்டும் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மீனவர் சொல்லை நம்பி, அதிகாரிக்காகக் காத்திராமல் கொடுத்த ரூபாய் என்பதுதான் விசேஷம்.

பம்பாய் பக்கம் ஆமைக்கும்...

இதைப் பார்த்து மகாராஷ்டிர அரசும் 2018 டிசம்பரில் இறங்கியது. அங்கு சுறாவோடு ஆமை, டால்பின் எல்லாம் பட்டியலில் உண்டு. வலையை அறுத்து விட்டு, படமோ வீடியோவோ காட்டினால் அதிகபட்சம் 25 ஆயிரம். பணம் வாங்கியவர்கள் விடுவித்ததில் ஆமைகளே அதிகம். அதிலும் நம் கரையில் செத்துக் கிடந்த அதே பங்குனி ஆமை ஜாதி முதலிடம்!

தமிழ்நாட்டுக்கும் இந்த வழி தெரியாதது அல்ல. பாக் நீரிணையில் கடல்பசு வலையில் மாட்டினால் உயிரோடு விட்டவர்களுக்கு ரொக்கப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு கடல்பசு பெயரிலேயே படிப்பு உதவித் தொகையும் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோ மீட்டர் இடம் கடல்பசு காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் சென்னையிலும் 25 ஆயிரம் கொடுத்தால் ஆமை பிழைக்குமா?

பாதிதான் பிழைக்கும். கட்டுமரம், பைபர் படகில் போய் செவுள் வலை போடுகிறவருக்கு இந்தப் பணம் உதவும். வலையில் ஆமை சுற்றிக் கொண்டு நிற்பது அவர் கண்ணில் படும். அறுக்கலாம். இழுவலை அப்படி இல்லை. மூட்டை மாதிரி அடியில் இழுத்துப் போகும் அதற்குள் ஆமை கிடப்பது, வலை மேலே வந்தால்தான் தெரியும். அப்போது அறுக்கவும் ஒன்றும் இல்லை. ஆமை செத்திருக்கும். தூக்கிக் கடலில் எறிவார்கள். அது மிதந்து மெரினாவுக்கு வரும்.

அதற்கு வேறு வைத்தியம். இழுவலையில் கம்பித் தடுப்பும் ஒரு திறப்பும் வைத்தால் ஆமை நழுவி வெளியே போய் விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடி தொழில்நுட்ப நிலையம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரி இதைச் செய்து கொடுத்திருக்கிறது. மீனும் அந்த வழியாகப் போய் விடும் என்பது படகுக்காரர்கள் கவலை. இந்தத் தடுப்பு இல்லை என்று சொல்லித்தான் 2019-ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. ஆமைக்காக இல்லாவிட்டாலும் இறாலுக்காகவாவது படகுக்காரர்கள் யோசிக்கலாம். தடுப்பு வைப்பதால் குறையும் மீனுக்கு மானியம் கொடுப்பதும் ஒரு வழி. 

இன்னொரு சங்கதி. வலையில் அசையாமல் வரும் ஆமை எல்லாம் செத்த ஆமை அல்ல. மூர்ச்சையாகவும் இருக்கலாம். உடனே கடலில் போட்டால் மூழ்கிச் செத்து விடும். வயிறு கீழே இருக்கும்படி படுக்க வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி வைக்க வேண்டும். நுரையீரலில் உள்ள தண்ணீர் வடியும். நிழலில், ஈரத்துணி போட்டு வைத்தால் சில மணி நேரத்தில் அசையும். சிலவற்றுக்கு ஒரு நாள் கூட ஆகும். தலையைத் தூக்கி மூச்சு விட ஆரம்பித்ததும், எஞ்சினை நிறுத்தி விட்டு மெதுவாக தண்ணீரில் இறக்கி விடலாம்.