காளத்திக் கோபுரமும் கணினிக் கணக்கும்

கிருஷ்ணதேவராயர் 1516 இல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம், ஏறத்தாழ 120 அடி உயரத்தோடு சுமார் ஐந்நூறு ஆண்டுகள் நின்றபின், விரிசல் பெருகி, 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. புதிய கோபுரம் 2017 இல் கும்பாபிஷேகம் கண்டுவிட்டது. ஆயினும், அத்தனை பெரிய கட்டடத்தின் உள்ளே எவ்விடத்தில் எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்பதை வெளியிலிருந்தபடியே அறிய வழியுண்டா என்னும் வினா, திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடையே ஏர்ப்பேட்டில் உள்ள ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்கு வெறும் ஏட்டு வினாவாக இருக்க நியாயமில்லை.

அதற்கான வழியே முடிவுறு கூறு முறை. உத்திரம், தூண் போன்ற எளிய உருவங்களுக்குச் சூத்திரங்கள் உண்டு, கோபுரத்துக்குக் கிடையாது. ஆதலால் அதன் உருவத்தைக் கணினியில் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் மூலையும் எவ்வளவு நகரும் என்பதைத் தெரியாத எண்ணாக வைத்து, கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியலாகாது, விசைகள் எங்கும் சமனாகவேண்டும் என்னும் நிபந்தனைகளை எழுதினால், லட்சக்கணக்கான சமன்பாடுகள் பிறக்கின்றன. ஒரு மனிதர் ஆயுள் முழுதும் முயன்றாலும் தீராத அக்கணக்கைக் கணினி சில நிமிஷங்களில் தீர்த்துவிடுகிறது. கணித அறிஞர் ரிச்சர்ட் கூரன்ட் 1943 இல் முக்கோணங்களைக் கொண்டு இதற்கு வித்திட்டார். போயிங் விமானச் சிறகுகளை ஆராய்ந்த டர்னர், கிளஃப் முதலானோர் 1956 இல் இதைப் பொறியாளருக்குரிய கருவியாக்கினர். நம் நாட்டிலோ, ராக்கெட்டுகளின் உடற்கட்டை ஆராயத் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் ஃபீஸ்ட் என்னும் மென்பொருளைத் தாமே இயற்றியிருக்கின்றனர்.

இக்கலையைக் கற்க உத்தமமான மார்க்கம், பிறர் செய்துவைத்த மாதிரி ஒன்றை எடுத்து, அதைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதே என்பது என் அபிப்பிராயம். காம்சால் என்னும் மென்பொருளின் அறிமுக மாதிரி ஒரு பஸ்பார். அதாவது டைட்டானிய போல்ட்டுகள் பூட்டிய, மின்சாரம் கடத்தும் செம்புப் பட்டை. அதற்குக் கொடுப்பது வெறும் 20 மில்லிவோல்ட். செம்பின் தடை மிகச் சொற்பமாதலால் அதற்கே பெரும் மின்னோட்டம் பாய்கிறது. பாய்வதால் பட்டை சூடேறுகிறது. சூடேறியது விரிய முயல்கிறது. விரிவைப் போல்ட்டுகள் தடுக்குமிடத்தில் தகைவு, அதாவது பொருளின் உள்ளே பரப்பின்மேல் அழுத்தும் அல்லது இழுக்கும் விசை, தோன்றுகிறது. சூடான செம்பின் தடை கூடுவதால் மின்னோட்டமும் சற்றுக் குறைகிறது. மின்சாரம், உஷ்ணம், உறுதி என மூன்று சாஸ்திரங்கள் இங்கே ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. 20 மில்லிவோல்ட்டை 40 ஆக்கினால் பிறக்கும் உஷ்ணம் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும்; அவ்வாறு வராவிடில் நாம் கொடுத்த விவரத்தில் எங்கோ பிழை. திரையில் தோன்றும் வர்ணங்களை நம்புமுன் விடையை உத்தேசமாகக் கையால் போட்டுப் பார்க்கும் இப்பழக்கமே மாதிரிகள் தரும் பெரும் லாபம்.

கோபுரத்துக்கும் அதே முறைதான். கன மீட்டருக்கு 1,800 கிலோ எடையுள்ள செங்கற்கட்டு 36 மீட்டர் உயர்ந்தால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 65 டன், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஆறரை கிலோ, அமரும். இன்றைய இந்தியத் தர அளவையில் கடைசி வகைச் செங்கல்லே சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ தாங்கவேண்டும். செங்கல்லைவிடச் சுண்ணாம்புச் சாந்து பலவீனமானது என்பதைக் கழித்துக்கொண்டாலும், இத்தகைய கோபுரத்துக்குத் தன் எடை மாத்திரமே அபாயமாவது அரிது என்று தெரிகிறது. அஸ்திவாரம் ஒருபுறம் மாத்திரம் இறங்கும்போதுதான் விபரீதம். அப்போது சுவரில் இழுவை பிறக்கிறது, செங்கற்கட்டோ இழுவையை மிகச் சொற்பமாகவே பொறுக்கும். அடிமண் ஏன் இறங்குகிறது என்று பார்க்கப் புகுந்தால், மண்ணிடையிலுள்ள நீர் மெல்ல வெளியேறும் கணக்கும் கூடவே வந்து சேர்கிறது. மண் இறுகுவதற்குப் பொறியாளர் டெர்சாகி 1925 இல் கொடுத்த சூத்திரத்தை முதலில் கணினியில் போட்டு, விடை பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே மாணவர் கோபுரத்தைத் தொடவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாசலின் உட்கோணம் போன்ற கூரிய மூலையில், கூறுகளைச் சிறிதாக்க ஆக்கத் தகைவு ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போகும். அது கட்டடத்தின் பலவீனமன்று, கணிதத்தின் இயல்பு. மூலையைச் சற்று வளைத்தோ, அதைவிட்டுச் சிறிது தள்ளியோ மதிப்பை எடுத்துக்கொள்வதே முறை. இதைப் பழக விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. ஃபின்லாந்தில் உருவான எல்மர் இலவசமாகக் கிடைக்கிறது. சிறிய மாதிரிகளுக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.