டஸ்கோவுக்குப் போட்ட ஊசி

ஆண் யானைக்கு மதம் பிடிப்பது எதனால்? இதற்கு விடை தேடி, 1962 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர உயிரியல் பூங்காவில் ஒரு சோதனை செய்தார்கள், நேயர்களே. எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்ற மருந்தைக் கொடுத்தால் செயற்கையாக மதம் பிடிக்குமா என்று பார்ப்பது மனநல மருத்துவர் லூயிஸ் வெஸ்ட் குழுவின் எண்ணம்.

மனிதரைக் கிறங்கடிக்க ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கே போதும். டஸ்கோ என்ற 14 வயது யானைக்குச் செலுத்தியதோ 297 மில்லிகிராம்! ஐந்தே நிமிடம். யானை பிளிறியது, தள்ளாடியது. ஜோடி யானை ஜூடி ஓடிவந்து முட்டுக்கொடுக்கப் பார்த்தது. முடியவில்லை. டஸ்கோ சரிந்து விழுந்து வலிப்பில் துடித்தது. காப்பாற்ற வேறு மருந்துகளும் ஏற்றினார்கள். ஊசி போட்ட ஒரு மணி நாற்பது நிமிடத்தில் உயிர் போய்விட்டது.

பிழை கணக்கில்தான். பூனை போன்ற சிறு விலங்குகள் தாங்கிய அளவை, யானையின் எடையால் அப்படியே பெருக்கிவிட்டார்கள். உடல் பெருக்கும் அதே விகிதத்தில் மருந்தைத் தாங்கும் சக்தி பெருகுவதில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1980களில் ரொனால்ட் சீகல் என்ற ஆய்வாளர் இரண்டு யானைகளுக்குக் குடிநீரில் எல்.எஸ்.டி. கலந்து கொடுத்தார். இரண்டும் பிழைத்துக்கொண்டன. அப்படியானால் டஸ்கோவைக் கொன்றது எல்.எஸ்.டி.யா, காப்பாற்றக் கொடுத்த மருந்துகளா? இன்றும் விவாதம் ஓயவில்லை.