யாரோ கொடுத்த எண்ணூறு கலோரி

நுகர்வோர் புகார் மனு எழுதித் தருவதற்காக வாரத்தில் இரண்டு மாலை உட்காருகிறேன். முன்பெல்லாம் பழுதான மிக்ஸி, பத்திரம் ஆகாத மனை, ஓடிப்போன சீட்டுக்காரர் என்று வருவார்கள். இப்போது எடை குறைக்கப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் வருகிறார்கள். கையில் ரசீது இருக்காது. டப்பாவைக் குப்பையில் போட்டிருப்பார்கள். செல்போனில் ஓர் அட்டவணை மட்டும் பத்திரமாக இருக்கும்: காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி பவுடர், மதியம் வெள்ளரிக்காய், இரவு மறுபடி பவுடர். கூட்டிப் பார்த்தால் 800 கலோரி தேறாது.

கல்லூரி போகும் பெண்ணுக்கும் அதே அட்டவணை. சர்க்கரைக்கு மாத்திரை போடும் அறுபது வயதுக்காரருக்கும் அதே அட்டவணை. தையற்காரர்கூட அளவெடுக்காமல் துணியை வெட்டமாட்டார். ஒருவருடைய உயரம், எடை, வயது, வேலை, மாத்திரை எதையும் கேட்காமல் எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று சொல்பவரிடம் ஏன் பணம் கட்டுகிறோம்?

முதலில், குறைக்க வேண்டிய எடை இருக்கிறதா என்று பாருங்கள். எடையை மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. 157 செ.மீ. உயரமும் 52 கிலோவும் உள்ள பெண்ணுக்கு இந்த எண் 21. அவர் குறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அப்படிப்பட்டவர்களும் பவுடர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் என்று ஒன்று 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்ணானால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆணானால் 5 கூட்ட வேண்டும். துணிக்கடையில் நின்று விற்கும் 42 வயதுப் பெண், 155 செ.மீ., 74 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விடை ஏறத்தாழ 1,338. படுக்கையில் அசையாமல் கிடந்தாலும் அவர் உடம்பு இவ்வளவைச் செலவழிக்கும். உட்கார்ந்தே வேலை செய்பவர் இதை 1.2ஆல் பெருக்க வேண்டும், ஓரளவு நடமாட்டம் உள்ளவர் 1.375ஆல். இவருக்கு 1,840 வருகிறது. அதில் 400 குறைத்தால் 1,440. நாளுக்கு ஏறத்தாழ 1,450 கலோரி, அதுதான் இவருடைய எண்.

இந்த அளவில் மாதம் ஒன்றரைக் கிலோ குறையும். "அவ்வளவுதானா?" என்று முகம் சுருங்குகிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. பத்து நாளில் பத்துக் கிலோ என்று விளம்பரம் போடுபவர், நாளுக்கு 7,700 கலோரி பற்றாக்குறை என்கிறார். இந்தப் பெண்ணின் உடம்பு நாள் முழுக்கச் செலவழிப்பதே 1,840. முதல் வாரத்தில் தடதடவென்று இறங்குவது பெரும்பாலும் நீர். சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பிவிடும்.

சூத்திரம் ஒரு தொடக்கம்தான், நூறு இருநூறு கலோரி முன்னே பின்னே போகும். வாரம் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். மூன்று வாரம் கழித்தும் அசையவில்லை என்றால் 100 குறையுங்கள். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் 150 கூட்டுங்கள். மாதவிலக்கு நாட்களில் நீர் கோத்து எடை ஏறுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். எடை குறையக் குறையத் தேவையும் குறையும். அதே பெண் 66 கிலோவுக்கு வந்ததும் 1,840 என்பது 1,730 ஆகிவிடும். "முதலில் குறைந்தது, இப்போது நின்றுவிட்டது" என்பவர்கள் பழைய எண்ணிலேயே நிற்பவர்கள்.

தரைமட்டம் ஒன்று உண்டு. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போக வேண்டாம். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். மாதவிலக்கு தவறும். கொழுப்போடு தசையும் கரையும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட வேண்டாம்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் பாதியாக்கினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு சோறு சப்பாத்தியை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகலாம். உணவைக் குறைக்கும் முன்பே மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் காசில்லாமல் பார்க்கலாம். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு நகராமல், மாற்றிய அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இனி பசி. பசியைப் பொறுத்துக்கொள்வதுதான் தவம் என்று நினைக்கிறார்கள். மதியம் வெள்ளரிக்காயோடு நிறுத்தியவர் மாலை ஆறு மணிக்குத் தேநீர்க்கடையில் இரண்டு வடை தின்பது மன உறுதிக் குறைவால் அல்ல, மதியம் சாப்பிடாததால். இரண்டு வடையில் 300 கலோரி போய்விடும். அதே நேரத்துக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதாவது 100 கிராம் வெந்த கடலை, 165 கலோரிதான். புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் இரவுவரை தாங்கும். ஆறு மணிப் பசி தினமும் வரத்தான் போகிறது. அதற்கான சுண்டலைக் காலையிலேயே ஊறப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

1,450 கலோரி என்றால் பட்டினி இல்லை. காலையில் சிறிய இட்லி மூன்று, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை: ஏறத்தாழ 350. மதியம் 150 கிராம் சோறு, இரண்டு கரண்டி பொரியல், சாம்பார், ஒரு டம்ளர் நீர்மோர்: 450. மாலையில் சுண்டலும் ஒரு கரண்டி சர்க்கரை போட்ட தேநீரும்: 225. இரவு எண்ணெய் விடாத இரண்டு சப்பாத்தி, பாசிப்பருப்பு, ஒரு காய்: 430. சோற்றைத் தட்டில் கொட்டிக் கண்ணால் அளக்காமல் ஒரு வாரம் தராசில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 150 கிராம் என்று நினைப்பது 280 கிராம் இருக்கும். பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். முட்டை, மத்தி மீன், பருப்பு, தயிர் என்று ஏதாவதொரு புரதம் இல்லாமல் எந்த வேளையையும் முடிக்காதீர்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பசி பெருகாமல் குறைக்கக்கூடிய இடம் எண்ணெய்தான். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. அதை இரண்டு லிட்டராக்கினால் தட்டில் ஒரு பருக்கைகூடக் குறையாமல் 70 கலோரி குறையும். தாளிக்கும்போது பாட்டிலிலிருந்து ஊற்றாமல் கரண்டியால் விடுங்கள்.

கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் அதைப் பசி என்று நினைத்து அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு அது தாழ் சர்க்கரை. அளவு 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்காதீர்கள்.

பவுடருக்கு வருகிறேன். பசியே எடுக்காது என்று சொல்லி விற்கும் பவுடரைக் கண்டால் இரட்டிப்புச் சந்தேகம் வர வேண்டும். பசியை மந்தமாக்கும் சிபுட்ரமின் என்ற மருந்து இதயத்துக்குக் கேடு என்று 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதை 'மூலிகை' என்ற பெயரில் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. எடை குறைய வெங்காரம் சாப்பிடச் சொல்லும் காணொளிகளும் சுற்றுகின்றன. வெங்காரம் நஞ்சு. வாயில் வைக்காதீர்கள்.

டப்பாவை வாங்கினால் முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவாக விற்கப்படுகிறது. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அந்த எண்ணைத் தேடினால் யார் பெயரில் உரிமம் என்று தெரியும். சித்த, ஆயுர்வேத மருந்து உரிம எண் இருந்தால் அது மருந்து. இரண்டும் இல்லையென்றால் வாங்கவே கூடாது. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. உணவுத் துறை அலுவலர் மருந்துத் துறைக்குப் போகச் சொல்வார், மருந்துத் துறை அலுவலர் உணவுத் துறைக்கு அனுப்புவார். மனுதாரர் நாலு முறை பஸ் ஏறிவிட்டு விட்டுவிடுவார். எண்ணைப் படித்துவிட்டுப் போனால் இந்தப் பந்தாட்டம் நடக்காது.

உணவு உரிமம் என்றால் மனு போக வேண்டிய இடம் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர். தவறான விளம்பரத்துக்கு, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் அனுப்பலாம். மருந்து என்றால் மருந்து ஆய்வாளர். மருந்தால் உடற்பருமனைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டப்படி குற்றம். அதன் அட்டவணையில் உடற்பருமன் பெயர் சொல்லியே இருக்கிறது. மனுவில் பொருந்தும் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எழுதாத மனுவுக்கு 'ஆவன செய்யப்படும்' என்று மட்டும் பதில் வரும்.

மனு ஒரு பக்கம் போதும். என்ன பொருள், தொகுதி எண், வாங்கிய தேதி, கொடுத்த தொகை, விற்றவர் சொன்ன வாக்குறுதி, உடம்புக்கு நேர்ந்தது, உங்கள் கோரிக்கை. கூடவே விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பணம் அனுப்பிய யுபிஐ விவரம், டப்பாவின் நாலு பக்கப் படம். விற்பவர் பதிவை அழித்துவிடுவார், ஆகவே திரைப்பிடிப்பை இன்றைக்கே எடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அலுவலகம் வாங்க மறுத்தால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், அங்கே மனு எண் கிடைக்கும். பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'என் மனுமீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பரிசோதனைக்கு அனுப்ப நினைப்பவர்கள் பாதி தின்ற டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நீங்களே எதையோ கலந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதே தொகுதி எண் உள்ள பிரிக்காத டப்பா வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வாங்குபவருக்கு உரிமை தருகிறது. ஆனால் வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப்போவதாக விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பணத்தைத் திரும்பப் பெற முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், விற்றவர் எந்த ஊர் என்பது பொருட்டல்ல. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு.

உடம்பு கெட்டு மருத்துவமனைக்குப் போயிருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். அங்கே வெட்கப்பட்டு மறைத்துவிட்டு என்னிடம் வந்து சொல்கிறவர்கள்தான் அதிகம். இன்ன பவுடரை இத்தனை நாள் குடித்தேன் என்று மருத்துவரிடம் சொல்லி, அந்த வரியை நோய்க் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அதுதான் முக்கியம், வழக்குக்கும் அதுதான் ஆதாரம். பிறகு ஆவணங்களின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கேட்ட கடிதத்தின் நகலிலும் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.