மணிக்கட்டில் ஒரு நிமிடம் – 6
கப்பல்காரரின் மணல்

மூன்று விரல்களை எங்கே வைப்பது என்று போன கிழமையே பார்த்துவிட்டோம். பெருவிரலால் நாடி பிடிக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கும்.

இந்தக் கிழமை நாடியின் நடையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஜோன் ஃபுளோயர் குறுக்கே வந்துவிட்டார். இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகரத்து மருத்துவர் அவர். நாடியை நிமிடக் கணக்கில் எண்ண வேண்டும் என்று வலியுறுத்தி 1707இல் ஒரு நூலே வெளியிட்டார். அதற்கென்று சரியாக 60 நொடி ஓடி நிற்கும் மணிக்கூடு ஒன்றையும் செய்வித்தார். அந்த மணிக்கூடு கைக்கு வருமுன் அவர் எதை வைத்து எண்ணினார் தெரியுமா? கப்பல்காரர்களின் ஒரு நிமிட மணற்கடிகாரத்தை!

முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று பார்த்துக் கப்பலின் வேகத்தை அறிந்த காலம் அது. கடலோரமே இல்லாத லிச்ஃபீல்டில் அந்த மணலை வைத்து ஒருவர் நோயாளிகளின் கையைப் பிடித்திருக்கிறார். துறைமுக ஊர்க்காரருக்கு இதைக் கேட்டுப் பெருமையாக இராதா? பாய்மரம் சேதமான ‘ஆன்’ கப்பல் 1659இல் நமது கொட்டியாரக்குடாவுக்கு வந்ததும், அதில் வந்த இளைஞர் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டு 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கிடந்ததும் இங்கு பலருக்குத் தெரிந்த கதை. அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு மணல்தான் மணி சொன்னது.

ஃபுளோயர் முழு நிமிடமும் எண்ணினார். நாமும் அப்படித்தான் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 15 நொடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறைந்துவிடும். வாதக்காய்ச்சலில் இதய வால்வு கெட்டவர்களுக்கு இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கலாம். அப்போது முதல் கால் நிமிடமும் அடுத்த கால் நிமிடமும் ஒத்துப்போகா. சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதுமில்லை. அவர்களுக்குச் சுருக்குவழி கிடையாது.

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு எண்ணுங்கள். வீட்டில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டால் நல்லது. ஓய்வில் 60 முதல் 100 வரை பொதுவான அளவு. டிகொக்சின் குளிசை எடுப்பவர்கள் 60க்குக் கீழே கண்டால், குளிசையைப் போடுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். மயக்கம், நெஞ்சுநோ, மூச்சுத்திணறல் வந்தால் எண்ணிக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

நடை அடுத்த கிழமைக்குப் போகிறது. கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலில் பிரித்துப் பார்ப்பதையும் அங்கே சேர்த்துக்கொள்வோம். அதுவரை காலைக் குளிசைக்கு முன் எண்ணி, எண்ணையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.