500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்ன கணினி

மாணவர்களே, கணினி "விடை இல்லை" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மறுபடியும் பொத்தானை அழுத்துவீர்கள். அப்போதும் அதையே சொன்னால், கணினி கெட்டுவிட்டது என்பீர்கள். எங்கள் பள்ளி விற்பனை நாளுக்கு முன்பு படிவம் 5 மாணவர்கள் ஐவர் இதைத்தான் செய்தார்கள்.

அவர்கள் நாசி லெமாக்கும் கறிபாப்பும் விற்கத் திட்டமிட்டிருந்தார்கள். ஒரு பொட்டலம் நாசி லெமாக்கிற்குச் செலவு 1 வெள்ளி 20 காசு, இலாபம் 80 காசு. ஒரு கறிபாப்புக்குச் செலவு 60 காசு, இலாபம் 50 காசு. கையில் இருந்த முதல் 160 வெள்ளி. ஐந்து பேரும் ஆளுக்கு 2 மணி நேரம் வேலை செய்வதாகப் பேச்சு. மொத்தம் 600 நிமிடம். ஒரு நாசி லெமாக்கிற்கு 4 நிமிடமும் ஒரு கறிபாப்புக்கு 3 நிமிடமும் ஆகும். இதற்குள் ஆசிரியர்களிடம் 80 நாசி லெமாக், 100 கறிபாப் என்று முன்பதிவு வாங்கி, பணத்தையும் வாங்கிவிட்டார்கள்!

கூடுதல் கணிதத்தில் நீங்கள் படிக்கும் நேரியல் நிரலாக்கம்தான் இது. அதிக இலாபம் என்பது இலக்கு. பணம், நேரம், முன்பதிவு ஆகியவை கட்டுப்பாடுகள். எல்லாவற்றையும் எக்செலில் உள்ள 'சால்வர்' கருவியில் எழுதி ஓடவிட்டார்கள். "சாத்தியமான தீர்வு எதுவும் கிடைக்கவில்லை" என்ற செய்தி வந்தது.

அவர்களில் ஒரு மாணவர் நேரக் கட்டுப்பாட்டை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். உடனே "தீர்வு கிடைத்தது" என்று வந்தது: 80 நாசி லெமாக், 106 கறிபாப், இலாபம் 117 வெள்ளி. எல்லாருக்கும் மகிழ்ச்சி. நான் ஒரே ஒரு கணக்கு போடச் சொன்னேன். 80 × 4 + 106 × 3 = 638. இருப்பதோ 600 நிமிடம். மீதி 38 நிமிடத்துக்கு யார் பொரிப்பது?

இந்த இடத்தில் ஓர் அமெரிக்கக் கணிதவியலாளரின் கதையைச் சொல்ல வேண்டும். 1947இல் நேரியல் நிரலாக்கக் கணக்குகளைத் தீர்க்கும் 'சிம்ப்ளெக்ஸ்' முறையை உருவாக்கியவர் ஜார்ஜ் டான்ட்சிக். சால்வரில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறைகளில் ஒன்று இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில், உடல் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதும், தம் உணவுப் பட்டியலைக் கணினியிடமே கேட்டார் அவர். கலோரிக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார். வயிறு நிறைந்த உணர்வு வேண்டும் என்பதால், உணவின் எடையிலிருந்து நீரின் எடையைக் கழித்து வருவதை அதிகப்படுத்துவது இலக்கு.

கணினி அவரை நாள் ஒன்றுக்கு 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது. ஏறக்குறைய 1,900 லிட்டர்!

சிம்ப்ளெக்ஸ் முறையில் பிழை இல்லை. அவர் பயன்படுத்திய அட்டவணையில் வினிகரின் நீர் அளவு சுழியம் என்று இருந்தது. ஆகவே கணினியின் கண்ணுக்கு வினிகர் முழுவதும் 'வயிறு நிரப்பும் உணவு'. டான்ட்சிக் வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டார். இந்த முறை நாளுக்கு 200 சூப்புக் கட்டிகள் என்று வந்தது. அவர் விடாமல் சிலவற்றை வெந்நீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தார். உப்பு தாங்காமல் துப்பிவிட்டார். உப்புக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு உப்பை யார் சாப்பிடப் போகிறார்கள்? மனிதனுக்குச் சொல்லாமலே புரிவதைக் கணினிக்கு எழுதித்தான் காட்ட வேண்டும். கடைசியில் அவர் மனைவியே உணவுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

டான்ட்சிக்கிற்கு ஒவ்வொரு முறையும் விடை வந்தது. எங்கள் மாணவர்களுக்கு விடையே வரவில்லை. என்னைக் கேட்டால், மாணவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். பிழைச் செய்தி உங்களை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. வினிகர் விடையோ அழகான எண்ணாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, சிக்கல் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பார்த்ததும் திரும்ப வையுங்கள். (திரும்ப வைக்க மறப்பவர்கள்தான் அதிகம்.) எங்கள் கணக்கில் பணக் கட்டுப்பாட்டை எடுத்தாலும் தீர்வு வரவில்லை. ஆகவே பணம் குற்றவாளி இல்லை. நேரத்தை எடுத்தால் தீர்வு வருகிறது. நாசி லெமாக் முன்பதிவை எடுத்தாலும் வருகிறது. கறிபாப் முன்பதிவை எடுத்தாலும் வருகிறது. அப்படியென்றால் சண்டை இந்த மூன்றுக்கும் இடையேதான். எந்த இரண்டும் ஒத்துப்போகின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் மோதல். தொழில்துறையில் பயன்படும் 'குரோபி' போன்ற மென்பொருள்கள் இப்படி மோதிக்கொள்ளும் கூட்டத்தைத் தாமே தேடிக் காட்டும். நான்கைந்து கட்டுப்பாடுகள் என்றால் கையாலேயே தேடிவிடலாம்.

அடுத்து, எவ்வளவு மோதல் என்று அளக்க வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. 'கூடுதல் நிமிடம்' என்று ஒரு புதிய மாறியைச் சேருங்கள். நேர வரம்பை '600 + கூடுதல் நிமிடம்' என்று மாற்றுங்கள். இலாபத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, கூடுதல் நிமிடத்தை மிகக் குறைவாக்கு என்று கேளுங்கள். விடை 20. சரிபார்ப்போம்: 80 × 4 + 100 × 3 = 620. "விடை இல்லை" என்ற செய்தி இப்போது "உங்களுக்கு 20 நிமிடம் போதவில்லை" என்று மாறிவிட்டது. இதை வைத்து ஏதாவது செய்யலாம் அல்லவா?

இதற்கு நேர் எதிரான செய்தியும் உண்டு: "இலக்கு மதிப்பு குவியவில்லை". இலாபம் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். பெரும்பாலும் வரம்பை எழுத மறந்திருப்பீர்கள், அல்லது ≤ குறிக்குப் பதில் ≥ போட்டிருப்பீர்கள். செலவைக் குறைக்கச் சொல்லும் கணக்கில் எதிர்ம எண்களைத் தடுக்காவிட்டாலும் இதுதான் நடக்கும். மைனஸ் 1,000 கறிபாப், மைனஸ் 10,000 கறிபாப் என்று கணினி குஷியாக இறங்கிக்கொண்டே போகும். சால்வரில் இதைத் தடுக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சரி குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சிம்ப்ளெக்ஸ் முறை, "கணக்கு நேரியலாக இல்லை" என்று மறுத்தால் சூத்திரங்களைப் பாருங்கள். '50க்கு மேல் வாங்கினால் விலை குறையும்' போன்ற நிபந்தனையோ, இரண்டு மாறிகளின் பெருக்கலோ எங்காவது ஒளிந்திருக்கும். விடை 106.67 கறிபாப் என்று வந்தால், முழு எண் வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை.

எங்கள் ஐவரும் கூடிப் பேசினார்கள். முன்பதிவைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனமில்லை. ஆளுக்கு 4 நிமிடம் முன்னதாக வந்தாலே 20 நிமிடம் கிடைத்துவிடும். இலாபம் 114 வெள்ளி. 10 நிமிடம் முன்னதாக வந்தால் மொத்தம் 650 நிமிடம். அதை எழுதி ஓடவிட்டார்கள். 80 நாசி லெமாக், 106 கறிபாப், 117 வெள்ளி என்று வந்தது.

"சார், நான் முதலில் சொன்ன அதே விடைதானே?" என்றார் நேரக் கட்டுப்பாட்டை அழித்த மாணவர்.

அதே விடைதான். ஆனால் அப்போது 38 நிமிட வேலைக்கு ஆள் இல்லை. இப்போது ஐந்து பேரும் காலையில் 10 நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள், அவரும் சேர்த்து.