பழைய ரவுட்டரும் வீட்டுக் காவலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையூர்களை அறியாதார் நம் வாசகருள் மிகச் சிலரே இருப்பர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் உறவினர் வாழ்கின்றனர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாகப் பல குடும்பங்கள் காலந்தள்ளி வருகின்றன. இக்குடும்பங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும், சென்னைக்கும், பெங்களூருக்கும் பிழைப்பை நாடிச் சென்றோர் பலர். ஊரில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியவர்களே.

முன்னாளில் இவ்விரு சாராரையும் இணைத்தவை கடிதமும் மணியார்டருமாம். இன்று அப்பணியைச் செய்வது கூடத்துச் சுவரில் பச்சை விளக்கு மின்னும் சிறு வைபை பெட்டி. ரவுட்டர் என்று அதனை வழங்குகிறோம். மகனின் முகத்தைத் தாய் காண்பது அதன் வழியே. ஓய்வூதியம் வந்ததா என்று தந்தை பார்ப்பது அதன் வழியே. வங்கிப் பணம் போவதும் வருவதும் அதன் வழியே. இத்துணைப் பொறுப்பு வாய்ந்த பெட்டியை நாம் எப்படிப் பேணுகிறோம்? விடுமுறையில் வந்த பிள்ளை ஒருநாள் மாட்டிவைத்தான். பத்தாண்டுகளாக அது அங்கேயே இருக்கிறது. விளக்கு எரிகிறவரை அதனை யாரும் தொடுவதில்லை. இதில் உள்ள ஆபத்தையும் அதற்குரிய மாற்று வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

கைவிடப்பட்ட பெட்டி என்பது யாது?

ரவுட்டர் என்பதும் ஒரு சிறு கணினியே. அதனுள் தங்கி அதனை இயக்கும் மென்பொருளுக்குப் பர்ம்வேர் என்று பெயர். மனிதர் எழுதிய மென்பொருள் எதிலும் ஓட்டைகள் இருக்கும்; நாளடைவில் அவை வெளிப்படும். வெளிப்படுந்தோறும் பெட்டியைச் செய்த கம்பெனி திருத்தம் வெளியிட வேண்டும். சில ஆண்டுகள் அவ்வாறு வெளியிட்டபின், புதிய மாடல்கள் வந்ததும், கம்பெனி பழையவற்றைக் கைவிட்டுவிடுகிறது. அதன் பின்னும் பெட்டி முன்போலவே ஓடும். ஆனால் புதிதாய்க் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை எதுவும் அடைபடாது. பூட்டின் மாற்றுச்சாவி சந்தையில் விலைபோகிறது என்று தெரிந்தும் அதே பூட்டைத் தொங்கவிட்டிருப்பதற்கு இது ஒப்பாகும்.

இது வீண் அச்சமன்று. 2011ஆம் ஆண்டு தொடங்கிப் பிரேசில் நாட்டில் ஏறத்தாழ 45 இலட்சம் வீட்டு மோடங்களுக்குள் தீயோர் புகுந்து, அவற்றின் டி.என்.எஸ். முகவரியை மாற்றிவிட்டனர். இணையத்தில் ஒரு பெயரைக் கேட்டால் இடத்தைக் காட்டுவது டி.என்.எஸ்.; அதனை மாற்றியதும், வங்கியின் பெயரைச் சரியாகவே தட்டியவரும் போலிப் பக்கத்தைச் சென்றடைந்தனர். 2018 மே மாதத்தில் வி.பி.என்.பில்டர் என்னும் நச்சுநிரல் ஐந்து இலட்சம் ரவுட்டர்களைத் தொற்றியது கண்டறியப்பட்டது. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. கம்பெனி கைவிட்ட பழைய ரவுட்டர்களுக்குள் திருடர் புகுந்து, அவற்றைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு வந்தனர் என்பதே அதன் சாரம்.

இந்த வாடகைச் செய்தியை நம் குடும்பங்கள் சற்று நின்று கருதவேண்டும். எங்கோ இருப்பவன் ஒரு மோசடியைச் செய்கிறான். அதன் தடம் நெய்யாற்றின்கரையில் தனியே வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டு இணைப்பில் வந்து முடிகிறது. விசாரணைக்கு வருவோர் அவ்வீட்டுக் கதவைத்தான் தட்டுவர். பணம் போனாலும் ஈட்டிக்கொள்ளலாம். மகன் கடல் கடந்து இருக்கையில், வயோதிகத் தாய் அறியாத ஒன்றுக்கு விடை சொல்ல நேர்வது பெருந்துன்பமன்றோ?

மாற்றுப் பர்ம்வேர் பிறந்த கதை

கம்பெனி கைவிட்டதும் பெட்டியைத் தூக்கி எறிவதுதான் வழியா? மற்றொரு வழியும் உண்டு. அது தற்செயலாய்ப் பிறந்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்சிஸ் என்னும் கம்பெனி டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரை விற்கத் தொடங்கியது. மறு ஆண்டு சிலர் அதனை ஆராய்ந்தபோது, உள்ளே லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இருப்பதைக் கண்டனர். அம்மென்பொருளை எடுத்தாளும் எவரும் அதன் மூலநிரலை வாங்குவோர்க்கு வழங்கவேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. கேள்வி எழுந்ததும் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் திட்டம் தொடங்கிற்று. இன்று பல கம்பெனிகளின் நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு அது இலவசமாய்க் கிடைக்கிறது. கம்பெனி கைவிட்ட பெட்டிக்கும், பொருத்தமான உறுப்புகள் இருப்பின், புதிய திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன.

இவ்வகை மென்பொருள் நம் எல்லையூர்களுக்கு அந்நியமானதன்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்திலேதான். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே கணினி பயில்கின்றனர். 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்களும் இயங்கி வருகின்றன. பாட்டி வீட்டுப் பெட்டியைச் சீர்செய்ய அயலிலிருந்து வல்லுநரைத் தேடுமுன், பள்ளியில் பயிலும் பேரனையோ பேத்தியையோ அருகில் அமர்த்திக் கேட்டுப் பார்க்கலாம்.

எதைத் தேர்வது?

மாற்று வழிகள் பல. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. முதன்மையானது, திருத்தங்கள் ஒழுங்காக வருவதால் பாதுகாப்பு நாடுவோர்க்கு ஏற்றது. ஆயின் பிராட்காம் கம்பெனியின் வைபை சில்லு உள்ள பெட்டிகளில் அது பெரும்பாலும் நன்கு இயங்காது. அத்தகைய பெட்டிகளுக்கு டி.டி.-டபிள்யூ.ஆர்.டி., பிரெஷ் டொமேட்டோ ஆகிய இரண்டும் உள. அசூஸ் பெட்டிகளுக்கு மெர்லின் என்பதொன்று உண்டு. ஆனால் அது கம்பெனியின் பர்ம்வேரையே தழுவியது. ஆதலின் கம்பெனி ஒரு மாடலைக் கைவிட்டால் அதுவும் நெடுநாள் துணைநிற்க இயலாது.

பெட்டியின் நினைவாற்றலையும் பார்க்கவேண்டும். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.க்கு ப்ளாஷ் நினைவகம் குறைந்தது 8 மெகாபைட்டும், ராம் 64 மெகாபைட்டும் வேண்டும். 16உம் 128உம் இருப்பின் தாராளம். இந்தியாவில் மிகுதியாய் விற்ற டி.பி.லிங்க் டபிள்யூ.ஆர்.841என் என்னும் மாடலை எடுத்துக்கொள்வோம். இதன் 8, 10ஆம் பதிப்புகளில் உள்ள ஓர் ஓட்டையைத் தீயோர் பயன்படுத்தி வருவதாக 2025 ஜூனில் அமெரிக்க அரசின் சிசா நிறுவனம் அறிவித்தது. இவற்றில் இருப்பது 4 மெகாபைட் ப்ளாஷும் 32 மெகாபைட் ராமும் மட்டுமே. இன்றைய ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. அதனுள் அடங்காது. 13ஆம் பதிப்பிலோ 8உம் 64உம் உள்ளன, அங்கு அடங்கும். அடுத்து வந்த 14ஆம் பதிப்பு மீண்டும் 4க்கும் 32க்கும் இறங்கிவிட்டது. பெயர் ஒன்றே, உள்ளுறுப்பு வேறு. ஆதலின் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய சீட்டில் மாடல் பெயரை மட்டுமன்றிப் பதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. தளத்தின் பட்டியலில் இரண்டும் பொருந்தினாலன்றி மேலே செல்லற்க.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. பைபர் இணைப்பு வந்த வீடுகளில், கண்ணாடி இழை நேரே வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டி பெரும்பாலும் இணைப்பு தருவோருக்கு உரியது. அதன் பர்ம்வேரை மாற்றுதல் இயலாது, முறையுமன்று. அவ்வீடுகளில், ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் முறையில் வைக்குமாறு கேட்டு, அதன் பின்னே நம் சொந்த ரவுட்டரைப் பொருத்துதல் நலம்.

செய்யும் முறை

முதலில் நாளைத் தேர்க. விடுமுறையில் ஊருக்கு வருவோர், வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடவேண்டும். விமானம் ஏறுவதற்கு முந்திய இரவில் தொடங்கலாகாது. ஏதேனும் பழுது தோன்றினால் திருத்த நாள் வேண்டுமன்றோ? ஐப்பசி மாதத்து மாலை இடியும் மின்வெட்டும் நம் வட்டாரத்தார் அறிந்தவையே. பர்ம்வேர் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பெட்டி செயலற்றுப் போகக்கூடும். வானம் தெளிந்த காலை வேளையில், இன்வெர்ட்டர் துணையோடு செய்வதே தக்கது.

பழைய அமைப்புகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிறப்பாக, இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். பின்பு திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே கோப்பை இறக்குங்கள். முதன்முறை ஏற்றுவதற்குரியது ‘பேக்டரி’ கோப்பு. பின்னர்ப் புதுப்பிப்பதற்குரியது ‘சிஸ்அப்கிரேட்’ கோப்பு. இறங்கிய கோப்பு பழுதுபடாததுதானா என்பதை, தளத்தில் தந்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு அறியலாம். கணினியையும் ரவுட்டரையும் கம்பியால் இணையுங்கள். வைபை வழியே ஏற்றுதல் கூடாது. சில மாடல்களில் கம்பெனியின் பக்கத்திலிருந்தே ஏற்றலாம், சிலவற்றில் டி.எப்.டி.பி. என்னும் மீட்பு வழி வேண்டும். அம்மாடலுக்கென உள்ள பக்கத்தை முழுதும் படித்த பின்னரே கைவைக்கவேண்டும்.

ஏற்றி முடிந்ததும் 192.168.1.1 என்னும் முகவரியில் புதிய பக்கம் திறக்கும். அங்கே கடவுச்சொல் ஏதும் இராது. உடனே வலுவான ஒன்றை இடுங்கள். வைபை பொதுவாக அணைந்தே இருக்கும். அதனை இயக்குமுன், நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தெரிவு செய்க. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்கு இது மிகவும் இன்றியமையாதது, ஏனெனில் வானலை விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். குறியாக்கத்தில் டபிள்யூ.பி.ஏ.3 தகும்; பழைய தொலைபேசிகள் இருப்பின் டபிள்யூ.பி.ஏ.2 போதும். விருந்தினர்க்கும் கேமராக்களுக்கும் தனி வைபை ஒன்று அமைத்துவிட்டால், வங்கி வேலை செய்யும் தொலைபேசிக்கு அவற்றோடு தொடர்பு இராது.

இத்தோடு கடமை முடிந்ததாகக் கருதலாகாது. மாற்றுப் பர்ம்வேரும் காலந்தோறும் புதுப்பிக்கப்படவேண்டியதே. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் 24.10 வரிசை 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் முடிவு உண்டு. முடியுமுன் அடுத்ததற்கு மாறவேண்டும். இதனை வெளிநாட்டிலிருந்தே கவனிக்க விரும்புவோர், ரவுட்டரின் நிருவாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவைத்தல் ஒருபோதும் கூடாது. எப்.பி.ஐ. சுட்டிய பெட்டிகளில் திருடர் நுழைந்த வாயில் அதுவே. வயர்கார்டு போன்ற மறைவழியை, தாம் வாழும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு, அமைத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாவிடில், ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வரும்போதேனும் புதுப்பித்துவிடுக. கம்பெனி கைவிட்ட பெட்டியைவிட அதுவே மேல்.

பொருந்தாத பெட்டிக்கு என் செய்வது?

மாற்றுப் பர்ம்வேர் ஏற்காத பெட்டியைக் காவலாளாக நிறுத்துதல் கூடாது. புதியது வாங்கும்வரை இவற்றையேனும் செய்யவேண்டும்: தொலைவிலிருந்து நிருவகிக்கும் வசதியை நிறுத்துதல், ‘அட்மின்’ என்னும் பழைய கடவுச்சொல்லை மாற்றுதல், டபிள்யூ.பி.எஸ்., யூ.பி.என்.பி. இரண்டையும் அணைத்தல், டி.என்.எஸ். எண்கள் மாறியுள்ளனவா என்று பார்த்தல். இவை ஆபத்தைக் குறைக்குமேயன்றி நீக்கா.

புதிது வாங்குவோர், எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று கேட்டு வாங்குக. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் கம்பெனிகள் இதனை வெளிப்படையாய் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அங்கு வாழும் நம்மவர் வாங்கி வரும்போது இதனைப் பார்த்தே வாங்கலாம். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பட்டியலில் உள்ள மாடலாகவே தேர்ந்தால், கம்பெனி பின்னாளில் கைவிட்டாலும் பெட்டி அநாதையாகாது. பழைய பெட்டியைக் கிணற்றடியில் எறியாமல், அமைப்புகளை அழித்தபின் மின்கழிவாக ஊராட்சியின் ஹரித கர்ம சேனையாரிடம் ஒப்படைப்பதே முறை. பணமோசடி நேர்ந்துவிட்டால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழைக்கவேண்டும் என்பதை, வீட்டு முதியோர் கண்ணிற்படும் இடத்தில் எழுதி ஒட்டிவைத்தலும் நன்று.

ஊருக்குச் செல்லும்போது ஓடு மாற்றுகிறோம், கிணறு இறைக்கிறோம், வேலி கட்டுகிறோம். அவ்வேலைகளின் வரிசையில் இந்தச் சிறு பெட்டியையும் சேர்த்துக்கொள்வோம். அடுத்த முறை வீட்டாரோடு பேசும்போது, ரவுட்டரின் அடிச்சீட்டைப் படம்பிடித்து அனுப்புமாறு கேளுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.