எந்தப் பனி, எந்த ஆண்டு?

2013 செப்டம்பரில் பிரிட்டனின் ஞாயிறு இதழ் ஒன்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி போட்டது. பூமி சூடாகவில்லை, குளிர்ந்துகொண்டிருக்கிறது. வடதுருவப் பனி ஒரே ஆண்டில் 60 சதவீதம் கூடிவிட்டது என்பது அதன் சாரம். கூடவே இரண்டு செயற்கைக்கோள் படங்கள். 2012இல் சுருங்கிக் கிடந்த வெள்ளைத் திட்டு 2013இல் நன்றாகவே விரிந்திருந்தது. 60 என்ற எண்ணைப் பிற்பாடு அவர்களே குறைத்துத் திருத்தினார்கள். ஆனால் பனி கூடியது பொய்யில்லை.

வறட்சி ஆண்டில் மேட்டூர் அணை 40 அடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு அதே தேதியில் 60 அடி. ‘நீர்மட்டம் 50 சதவீதம் உயர்வு’ என்று தலைப்புப் போடலாம், கணக்கும் சரிதான். ஆனால் 120 அடி அணையில் 60 அடித் தண்ணீரை நம்பித் தஞ்சாவூர் விவசாயி குறுவைக்கு நாற்று விடமாட்டார். வடதுருவத்தில் நடந்ததும் இதுதான். 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடலின் பனிப்பரப்பு 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சரிந்தது. அளக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. 2013இல் ஏறக்குறைய 50 லட்சத்துக்கு மீண்டது. 1980களில் அதே மாதத்தில் அங்கே இருந்தது சுமார் 70 லட்சம்.

ஏன் செப்டம்பர்? ஆர்க்டிக் பனி ஆண்டுதோறும் வளர்ந்து தேய்கிற ஒன்று. நீண்ட குளிர்கால இரவு முடியும் மார்ச்சில் அதன் பரப்பு உச்சத்தில், 150 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். கோடை முழுக்க உருகி, செப்டம்பர் நடுவில் அடிமட்டத்தைத் தொடும். கோடையைத் தாண்டிப் பிழைத்த பனி எவ்வளவு என்பதே அந்த எண். 1978 இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் இதை இடைவிடாமல் அளக்கின்றன. பனியும் நீரும் உமிழும் நுண்ணலைகளில் உள்ள வேறுபாட்டை அவை பார்ப்பதால் மேகமோ ஆறு மாத இருட்டோ தடையில்லை.

2007 முதல் 2024 வரையிலான 18 ஆண்டுகள்தான் அதுவரையிலான பதிவேட்டிலேயே பனி மிகக் குறைந்த 18 ஆண்டுகள். அதே சமயம் 2012இன் சாதனை 2024 வரை முறியடிக்கப்படவில்லை. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் ஒருவரும் இரண்டாவதை மட்டும் இன்னொருவரும் எடுத்துக்கொண்டு பேசினால் விவாதம் முடியவே முடியாது.

பரப்பு ஒரு பக்கம்தான், தடிமன் இருக்கிறதே. அது தெரிய வந்த கதை சுவையானது. 1958இல் அமெரிக்காவின் நாட்டிலஸ் என்ற அணுசக்தி நீர்மூழ்கி பனிக்கு அடியிலேயே போய் வடதுருவத்தைக் கடந்தது. அதன்பின் பல நீர்மூழ்கிகள் அங்கே உலவின. தலைக்கு மேல் பனி எத்தனை மீட்டர் என்று தெரியாமல் மேலே எழ முடியாது. எனவே ஒலியலையை மேல்நோக்கி அனுப்பி அளந்துகொண்டே போனார்கள். எல்லாம் ராணுவ ரகசியம். பனிப்போர் முடிந்த பிறகு (அந்தச் சொல் இங்கே மட்டும்தான் நேர்ப்பொருளில் பொருந்துகிறது) அந்தப் பதிவுகள் விஞ்ஞானிகளின் கைக்கு வந்தன. 1999இல் வெளியான ஆய்வு, 1958–76 காலத்தில் நீருக்குள் சராசரியாக 3.1 மீட்டர் ஆழம் இறங்கியிருந்த பனி, 1990களில் 1.8 மீட்டர்தான் இறங்கியிருந்தது என்று காட்டியது. பருவநிலை பற்றிச் சிந்தனையே இல்லாமல், தங்கள் உயிருக்காக மாலுமிகள் எடுத்த அளவுகள் இவை. அதனாலேயே எனக்கு இந்தச் சான்றின் மீது தனி மதிப்பு.

இதுவரை பேசியதெல்லாம் கடலில் மிதக்கும் பனி. இங்கேதான் பொதுப்பேச்சில் பெரிய குழப்பம் நேர்கிறது. ஒரு டம்ளரில் ஐஸ் துண்டுகளைப் போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஐஸ் முழுக்கக் கரைந்தாலும் தண்ணீர் வழியாது. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டது, அவ்வளவுதான். எனவே ஆர்க்டிக் கடற்பனி மொத்தமும் உருகினாலும் கடல் மட்டம் ஏறாது. துல்லியம் பார்ப்பவர்கள் உப்புநீர், நன்னீர் வேறுபாட்டால் மிகச் சொற்ப உயர்வு உண்டு என்பார்கள், அதை விட்டுவிடலாம். ‘வடதுருவம் உருகிச் சென்னை மூழ்கப்போகிறது’ என்று யாராவது சொன்னால், டம்ளரைக் காட்டி மறுப்பவர் பக்கம்தான் நியாயம்.

அப்படியானால் கடற்பனி போனால் என்ன நட்டம்? கோடை வந்தால் மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வெண்பனி மூடிய பரப்பு தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கடல்நீர் பத்து சதவீதத்தைக்கூடத் திருப்புவதில்லை. மிச்சத்தை உறிஞ்சிச் சூடேறும். சூடேறிய நீர் பக்கத்துப் பனியை உருக்கும், உருகிய இடம் இன்னும் வெயிலைக் குடிக்கும். 1979க்குப் பின் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடானதற்கு இது முக்கியக் காரணம். பூமியின் மொட்டைமாடியிலிருந்து வெள்ளை உரிந்துகொண்டிருக்கிறது.

கடல் மட்டத்தை உயர்த்துவது வேறு பனி, தரைமேல் குவிந்திருப்பது. கிரீன்லாந்தில் சில இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கனமாக நிற்கிறது. அது முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். அண்டார்க்டிகா முழுவதும் உருகினால் ஏறக்குறைய 58 மீட்டர். இவை ஒரு தலைமுறையில் நடக்கிற காரியங்கள் அல்ல. நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள் என்ற கணக்கு. ஆனால் உருகல் தொடங்கிவிட்டதா என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது.

அந்த விடையைத் தந்தவை 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள். டாம், ஜெர்ரி என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். ஒன்றை ஒன்று துரத்துவதுபோல் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே கனமான பொருள் இருந்தால் முன்னால் போகும் கோளை அதன் ஈர்ப்பு சற்றே முன்னிழுக்கும். இடைவெளி நூலிழையிலும் மெல்லிய அளவுக்கு மாறும். அந்த மாற்றத்தை அளந்து, கீழிருக்கும் பனியின் எடையைக் கணக்கிட்டார்கள். பனிமலையையே தராசில் வைத்ததுபோல. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியையும், அண்டார்க்டிகா சுமார் 15,000 கோடி டன்னையும் இழந்துவருவது இப்படித்தான் தெரிந்தது. 36,000 கோடி டன் என்பது உலகக் கடல் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர். மலைப் பனியாறுகளின் உருகலும், சூடாகி விரியும் கடல்நீரும் சேர்ந்துகொள்ள, 1993இலிருந்து கடல் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

இந்த உயர்வு எல்லாக் கரைக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். கிரீன்லாந்தின் பனித்திணிவு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் பிடி தளர்கிறது. அந்த நீர் விலகித் தொலைவுக்குப் போகிறது. கிரீன்லாந்து உருகும்போது கிரீன்லாந்தை ஒட்டிய கடல் மட்டம் தாழும். பூமத்தியரேகையை அடுத்த கரைகள் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும். தென்துருவப் பனிக்கும் இதே விதிதான். இரண்டு துருவங்களுக்கும் வெகு தொலைவில் இருக்கிறோம் என்று நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் ஆறுதல் கொள்ள வழியில்லை.

மிதக்கும் பனிக்கும் தரைப் பனிக்கும் உள்ள உறவை 2002இல் லார்சன்-பி காட்டிக்கொடுத்தது. அண்டார்க்டிகத் தீபகற்பத்தை ஒட்டி மிதந்த அந்தப் பனித்தட்டில் 3,250 சதுர கிலோமீட்டர், ஏழு சென்னை மாநகரை அடக்கும் பரப்பு, ஒரு மாத காலத்தில் நொறுங்கிப் போனது. மிதந்த பனி என்பதால் கடல் ஏறவில்லை. ஆனால் மதகுப் பலகையை உருவியதுபோல், அதற்குப் பின்னால் தரையில் நின்ற பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்துக் கடலுக்கு இறங்கின. மேற்கு அண்டார்க்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாற்றை விஞ்ஞானிகள் கவலையோடு பார்ப்பது இதனால்தான். அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே, உள்நோக்கிச் சரிந்து கிடக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் புகுந்து அரிக்கிறது. அது ஒன்று போனாலே 65 சென்டிமீட்டர். எத்தனை ஆண்டில் போகும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. உண்மையான அறிவியல் விவாதம் நடக்கும் இடம் இதுதான்.

அமெரிக்க செனட்டில் நடந்தது வேறு வகை. 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், வெளியே குளிராக இருக்கிறது என்று காட்ட ஒரு பனி உருண்டையைப் பையில் கொண்டுவந்து அவையில் வீசினார். வாஷிங்டனில் பிப்ரவரியில் பனி பெய்தது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்கவில்லை.

சந்தேகப்படுவோரின் வேறு சில கேள்விகள் அப்படித் தள்ளிவிடத் தக்கவை அல்ல. வடக்கில் தேயும்போது தென்துருவக் கடற்பனி ஏன் வளர்கிறது என்று கேட்டார்கள். 2014வரை அது மெல்ல வளர்ந்துதான் வந்தது. அந்த ஆண்டு 200 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. விஞ்ஞானிகளிடம் ஒத்த விளக்கம் இருக்கவில்லை. பிறகு 2016இல் சட்டென்று சரிந்தது. 2023 குளிர்காலத்தில் 170 லட்சத்தையே எட்டவில்லை. வளர்ச்சியையும் சரிவையும் கணினி மாதிரிகள் முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை என்பதே நேர்மையான பதில்.

பூமி எப்போதும் மாறிக்கொண்டேதானே இருந்தது என்பது இன்னொரு கேள்வி. ஆம். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை தரையாகக் கிடந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனியுகம் முடிந்து அந்த நீர் ஏறப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்கிலிருந்து 280க்கு மெல்ல உயர்ந்தது. இப்போது 280லிருந்து 420ஐத் தாண்ட முந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை. பழைய மாற்றங்களுக்கு மனிதன் காரணமில்லை என்பதால் இதற்கும் இல்லை என்றாகாது. மனிதன் பிறக்கும் முன்பும் காட்டுத்தீ இருந்தது. அதற்காக இன்று தீ வைத்தவனை விட்டுவிடுவதில்லை.

சூரியன்தான் காரணமோ? அதற்கும் சோதனை உண்டு. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1859இல் ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். அந்த வாயு கூடினால் தரையை ஒட்டிய காற்று சூடாகும், மிக உயரத்தில் உள்ள அடுக்கு குளிரும் என்று 1967இல் சியுகுரோ மனாபே கணக்கிட்டார். சூரியன் வலுத்திருந்தால் இரண்டு அடுக்குமே சூடாகியிருக்க வேண்டும். பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்ததில் கீழே சூடு, மேலே குளிர். மனாபேவுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

விஞ்ஞானிகள் தரப்பு தானே தேடிக்கொண்ட அடிகளும் உண்டு. ஐந்தேழு ஆண்டுகளில் கோடை ஆர்க்டிக்கில் பனியே இல்லாமல் போக வாய்ப்பு அதிகம் என்று 2009இல் அல் கோர் ஒரு ஆய்வாளரின் கணிப்பை மேற்கோள் காட்டிப் பேசினார். போகவில்லை. இமயப் பனியாறுகள் 2035க்குள் மறையக்கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழுவுடைய 2007 அறிக்கையில் ஒரு வரி இருந்தது. இந்தியப் புவியியலாளர் வி.கே. ரெய்னாவின் அறிக்கை 2009இல் அதற்கு மாறாகச் சொன்னபோது, குழுத் தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று ஏளனம் செய்தார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், அந்த 2035 தவறு என்று குழுவே ஒப்புக்கொண்டது. பனியாறுகள் தேய்வது உண்மை, தேதிதான் பொய். ஆனால் தேதி பொய்த்ததும் எல்லாமே பொய் என்று சொல்ல ஆள் காத்திருந்தது.

காத்திருந்தவர்களில் சிலருக்கு விவரம் தெரியாமல் இல்லை. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்தே பூமி எவ்வளவு சூடாகும் என்று கணித்துவந்தார்கள். பெரும்பாலான கணிப்புகள் வியக்கத்தக்க அளவு பலித்தன என்று 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதே நிறுவனம் வெளியே, இந்த அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று பல்லாண்டு பேசியது. இதைச் சந்தேகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியாபாரம் என்றே சொல்வேன்.

ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள தேசியப் பனித் தரவு மையம் அந்த ஆண்டின் எண்ணை வெளியிடும். 45 லட்சம் என்று வந்தால் ‘பனி மீள்கிறது’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். 40 லட்சம் என்றால் ‘கடல் ஊருக்குள் வருகிறது’ என்று இன்னொருவர் அனுப்புவார். மேற்கொண்டு அனுப்பும் முன், மிதக்கும் பனியா தரைப் பனியா, எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று இருவரையும் கேளுங்கள். 1980களில் அந்த எண் 70 லட்சம்.